என்.எச்.எஸ். நீரிழிவுத் தணிவுத் திட்டம்: சமையலறைப் பக்கத்திலிருந்து ஒரு மதிப்புரை

இங்கிலாந்தில் வாழும் எங்கள் மக்கள் ‘சூப்பும் ஷேக்கும்’ என்று சுருக்கமாகச் சொல்லும் சேவையை, அந்நாட்டு அரசின் பொதுச் சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். 2020ஆம் ஆண்டு செப்டெம்பரில் முன்னோடித் திட்டமாகத் தொடங்கியது. ‘டைப் 2 டயபிட்டீஸ் பாத் டு ரெமிஷன்’ என்ற பெயருடைய இந்தச் சேவை இப்போது இங்கிலாந்து முழுவதும் கிடைக்கிறது. ரெமிஷன், அதாவது தணிவு என்பது, மருந்தில்லாமலே சீனி அளவு நீரிழிவு வரம்புக்குக் கீழே நிற்பது. என் கணவர் இதன் பன்னிரண்டு மாதங்களையும் முடித்திருக்கிறார். வீட்டில் சமைப்பவள் நான் என்பதால், இந்தச் சேவை ஒரு தமிழ் வீட்டின் அடுப்படியோடு எந்த இடத்தில் பொருந்துகிறது, எந்த இடத்தில் பொருந்தாமல் நிற்கிறது என்பதை அவரைவிடவும் கிட்ட இருந்து பார்த்தவள் நான் என்றே சொல்லலாம். தகுதியுள்ள எவரும் தயங்காமல் இதில் சேர வேண்டும் என்பது என் தீர்ப்பு. ஆனால் சூப்பும் ஷேக்கும் குடிக்கும் மூன்று மாதங்களைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். அந்த மூன்று மாதங்கள் முடிந்து சோறு திரும்பவும் கோப்பைக்கு வரும் ஆறு வாரங்களில்தான் இந்தச் சேவை எங்களுக்குப் போதாமல் போனது.

முதலில் திட்டத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். முதல் 12 வாரங்களுக்கு வழமையான உணவு முற்றாக நிறுத்தப்பட்டு, அதற்குப் பதிலாக ஷேக், சூப்பு, உணவுக்கட்டி ஆகியவை மட்டும் நாளொன்றுக்கு 800 முதல் 900 கலோரி அளவில் கொடுக்கப்படுகின்றன. இவற்றுக்குக் கட்டணம் கிடையாது. பெட்டி பெட்டியாக வீட்டுக்கே வந்து சேர்ந்தன. அடுத்த ஆறு வாரங்களில் வழமையான உணவு படிப்படியாகத் திரும்பி வருகிறது. எஞ்சிய மாதங்கள் குறைந்த எடையைத் தக்கவைப்பதற்கானவை. வருடம் முழுவதும் ஒரு பயிற்றுநர் நேரிலோ இணையவழியாகவோ தனித்தனியே பேசி வழிநடத்துகிறார். இதை ஒவ்வொரு வட்டாரத்திலும் என்.எச்.எஸ். சார்பில் வெவ்வேறு நிறுவனங்கள் நடத்துவதால், நான் கீழே சொல்லும் நிறைகுறைகளில் சில எங்கள் வட்டாரத்துக்கு மட்டும் உரியவையாக இருக்கலாம்.

சேருவதற்கான தகுதிகள் இறுக்கமானவை. வயது 18 முதல் 65 வரை இருக்க வேண்டும். டைப் 2 நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்டு ஆறு வருடங்களுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இன்சுலின் ஊசி போடுபவராக இருக்கக் கூடாது. உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. அளவு வெள்ளையருக்கு 27 ஆகவும், ஆசிய, கறுப்பினத்தவர் முதலியோருக்கு 25 ஆகவும் இருந்தாலே போதும். இந்த இரண்டு புள்ளி வித்தியாசம் சலுகையாகத் தரப்பட்டதன்று. எங்கள் உடலமைப்பைப் பற்றிய உண்மையிலிருந்து வந்தது. 2004இல் லான்செட் இதழில் புனேயைச் சேர்ந்த வைத்தியர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த வைத்தியர் யுட்கினும் தங்கள் இருவரின் படத்தையும் அருகருகே வெளியிட்டார்கள். இருவரின் பி.எம்.ஐ.யும் 22.3 ஆகவே இருந்தது. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதமாகவும், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதமாகவும் இருந்தது. பார்வைக்கு ஒல்லியாகத் தெரியும் எங்கள் ஆண்களின் வயிற்றுக்குள்ளும் ஈரலைச் சுற்றியும் என்ன சேர்ந்திருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை. “நான் என்ன குண்டா, எனக்கேன் எடை குறைப்பு?” என்று கேட்பவர்கள் எங்கள் உறவுக்குள்ளேயே பலர் இருப்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எடை குறைந்தால் நீரிழிவு ஏன் தணிகிறது என்பதைப் பயிற்றுநர் முதல் அமர்விலேயே விளக்கினார். அதை விளங்கிக்கொண்டதுதான் என் கணவரைப் பன்னிரண்டு வாரங்களும் தாங்க வைத்தது என்று நினைக்கிறேன். உடலின் தேவைக்கு மேல் வருடக்கணக்காகச் சாப்பிடும்போது, தோலுக்கடியில் சேர்ந்தது போக மிஞ்சும் கொழுப்பு ஈரலுக்குள் சேர்கிறது. கொழுப்பேறிய ஈரல் இன்சுலினின் சொல்லைக் கேட்பதில்லை. இரவு முழுக்க எதுவும் சாப்பிடாமல் இருந்தாலும் அது சீனியை உருவாக்கி இரத்தத்துக்குள் விட்டபடியே இருக்கும். காலையில் வெறும் வயிற்றில் பார்த்தாலும் அளவு உயர்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான். அதே ஈரல் தன்னிடம் மிகுந்த கொழுப்பை இரத்தத்தின் வழியே வெளியே அனுப்ப, அது கணையத்திலும் படிந்து, இன்சுலின் சுரக்கும் கலங்களைச் சோரச் செய்கிறது. நியூகாஸில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரோய் டெய்லர் 2008இல் முன்வைத்த கருத்து இது. 2011இல் வெளிவந்த அவரது ஆய்வில் பதினொரு பேர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கலோரியில் எட்டு வாரங்கள் இருந்தார்கள். முதல் வாரத்திலேயே அவர்களுடைய வெறும் வயிற்றுச் சீனி அளவு சராசரியாக லீற்றருக்கு 9.2 மில்லிமோலிலிருந்து 5.9க்கு இறங்கியது, எட்டு வாரங்களில் ஈரலின் கொழுப்பு 12.8 சதவீதத்திலிருந்து 2.9 சதவீதமாகக் குறைந்தது. கணையத்திலிருந்து வெளியேறிய கொழுப்போ ஒரு கிராம் அளவுகூட வராது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. பதினைந்து கிலோ குறைவதன் பயன் முழுவதும், கடைசியில் அந்த ஒரு கிராமுக்கும் குறைவான கொழுப்பைத் தொடுவதில் போய் முடிகிறது.

அதன்பின் ஸ்கொட்லாந்திலும் டைன்சைட் பகுதியிலும் சாதாரணக் குடும்ப வைத்தியர்களின் கிளினிக்குகளில், 298 பேரைக் கொண்டு இதே ஷேக் முறையைச் சோதித்த டைரெக்ட் ஆய்வின் முடிவு 2017 டிசம்பரில் வெளிவந்தது. திட்டத்தில் இருந்தவர்களில் 46 சதவீதத்தினர் ஒரு வருட முடிவில் மருந்தே இல்லாமல் நீரிழிவு வரம்புக்குக் கீழே வந்திருந்தார்கள். வழமையான சிகிச்சை பெற்றவர்களில் அது 4 சதவீதம் மட்டுமே. பதினைந்து கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களை மட்டும் எடுத்தால் 86 சதவீதம். கிளாஸ்கோவில் தெற்காசியர்கள் 25 பேரை மட்டும் கொண்டு நடந்த ஸ்டாண்ட்பை ஆய்விலும் ஐந்தில் இரண்டு பங்கினருக்கு மேல் இந்த நிலையை அடைந்தார்கள். இந்த ஆய்வுகள் இருந்திராவிட்டால் எங்கள் குடும்ப வைத்தியரும் இந்த வழியைக் காட்டியிருக்க மாட்டார், நாங்களும் துணிந்திருக்க மாட்டோம்.

இனி எங்கள் அனுபவத்துக்கு வருகிறேன். என் கணவருக்கு நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. உயரம் 168 சென்ரிமீற்றர், எடை 84 கிலோ, இடுப்புச் சுற்றளவு 102 சென்ரிமீற்றர். கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சீனி அளவைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. 61, அதாவது இந்தியாவிலும் இலங்கையிலும் சொல்லும் கணக்கில் 7.7 சதவீதம். மெட்ஃபோர்மினும் கிளிக்லசைடும் எடுத்துக்கொண்டிருந்தார். இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின். இரத்தக் கொழுப்பு வகைகளில் ஒன்றான ட்ரைகிளிசரைட் 2.9 ஆக உயர்ந்திருந்தது. ஈரலைக் காட்டும் ஏ.எல்.டி. அளவும் இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாக இருந்தது. இவை ஐந்தாறு தனித்தனி வியாதிகள் என்றும், ஒவ்வொன்றுக்கும் ஒரு குளிசை என்றும்தான் நாங்கள் இருவரும் எண்ணியிருந்தோம். அவை எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது இந்த வருடத்தில்தான் எங்களுக்கு விளங்கியது.

இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி என்று நான் கருதுவது, முதல் நாளுக்கு முன்னரே வைத்தியரும் பயிற்றுநரும் சேர்ந்து குளிசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, எதை எப்போது நிறுத்த வேண்டும் என்று எழுத்தில் கொடுத்ததுதான். ஷேக் தொடங்கும் நாளிலேயே நீரிழிவுக் குளிசைகள் நிறுத்தப்பட்டன. கிளிக்லசைட் போன்றவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. உணவை இந்த அளவுக்குக் குறைத்துவிட்டு அவற்றைத் தொடர்ந்தால் சீனி அளவு ஆபத்தான அளவுக்கு விழுந்துவிடும். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைக் குளிசைகளை இந்த உணவோடு தொடர்ந்தால் இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. எடை குறையும்போது இரத்த அழுத்தமும் இறங்குவதால், அந்தக் குளிசைகளையும் குறைக்க வேண்டி வரும். கண்ணின் விழித்திரைப் பரிசோதனை அண்மையில் செய்யப்பட்டிருக்கிறதா என்றும் கேட்டார்கள். சீனி அளவு விரைவாக இறங்கும்போது ஏற்கெனவே பாதிக்கப்பட்ட விழித்திரை சிலருக்குத் தற்காலிகமாக மோசமடையலாம் என்பதே காரணம். இதே ஷேக்குகளைப் போன்றவற்றைக் கடையில் வாங்கி, வைத்தியருக்குச் சொல்லாமல், வழமையான குளிசைகளையும் விழுங்கியபடி தாங்களாகவே பட்டினி தொடங்கும் எவரும் இந்தப் பந்தியை இரண்டு தரம் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சுவையைப் பற்றிக் கேட்பவர்களுக்காக: வனிலா, சொக்லேற் ஷேக்குகள் பரவாயில்லை. ஸ்ரோபெரி அவருக்கு மூன்றாம் நாளே தெவிட்டிவிட்டது. சூப்புகள்தான் பெரும் சோதனை. உப்பும் உறைப்பும் இல்லாத அந்த மாக்கரைசலை, மிளகுத்தூளும் ஒரு சிட்டிகை மிளகாய்த்தூளும் தேசிக்காய்ப்புளியும் சேர்த்து இரசத்தின் பக்கமாகக் கொஞ்சம் இழுத்த பிறகுதான் அவரால் குடிக்க முடிந்தது. இதற்குப் பயிற்றுநரும் சம்மதித்தார், ஏனெனில் இவற்றால் கலோரி ஏறுவதில்லை. ஷேக்கை மிகவும் குளிர்ந்த தண்ணீரில் அடித்து, மெதுவாக அரை மணித்தியாலம் வைத்துக் குடித்தால் வயிறு நிறைந்த உணர்வு கிடைக்கிறது. முதல் வாரம் தலையிடியும் சோர்வும் இருந்தன. அதன்பின் பசி வியக்கத்தக்க அளவில் அடங்கிவிட்டது. மலச்சிக்கல் மட்டும் விடவில்லை; தண்ணீரைக் கூட்டியும், கொடுக்கப்பட்ட நார்ச்சத்துத் தூளைத் தவறாமல் எடுத்தும்தான் அதைச் சமாளித்தோம். குளிர் தாங்க முடியவில்லை என்று வீட்டுக்குள்ளேயே கம்பளிச் சட்டையோடு திரிந்தார். முடி சற்றுக் கொட்டியது, பின்னர் வளர்ந்தது. விரைவாக எடை குறையும்போது பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது என்பதையும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பின் வலப்பக்க மேல்வயிற்றில் கடும் நோவு வந்தால் பொறுத்திருக்காமல் வைத்தியரிடம் போக வேண்டும்.

வீட்டுக்குள் கடினமாக இருந்தது மணம்தான். மற்றவர்களுக்காக நான் சமைத்தாக வேண்டும். வெங்காயமும் கறிவேப்பிலையும் பெருஞ்சீரகமும் தாளிக்கும் நேரத்தில் அவர் மேல்மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வீட்டுக்கு வெளியே கடினமாக இருந்தது எங்கள் மண்டபக் கொண்டாட்டங்கள். ரோல்ஸ் தட்டோடு வந்து நிற்பவருக்கு “வேண்டாம்” என்று ஒரு தரம் சொன்னால் அது மரியாதைக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளப்படும். மூன்றாம் தரம் சொன்னால்தான் மெய்யென்று நம்புவார்கள், அதற்குப் பிறகு வீட்டில் ஏதோ பிரச்சினை என்று நினைப்பார்கள். அவர் ஷேக் போத்தலைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “வைத்தியர் சொன்னது, அண்ணை” என்று மட்டும் சொல்லப் பழகினார். வைத்தியர் சொன்னதென்றால் எங்கள் ஆட்கள் அதற்கு மேல் வற்புறுத்துவதில்லை.

எண்கள் இறங்கிய விதத்தை நான் கண்ணால் பார்த்தேன். விரலில் குத்திப் பார்க்கும் கருவியில், குளிசைகள் எல்லாம் நின்றிருந்த நிலையிலேயே, இரண்டாம் வாரத்தில் காலைச் சீனி அளவு 6 மில்லிமோலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அப்போது அவர் குறைத்திருந்த எடை சில கிலோ மட்டுமே. ஈரல் தன் கொழுப்பை மற்ற இடங்களுக்கு முன்னதாகவே செலவழித்துவிடுகிறது என்பதை நாங்கள் ஏட்டில் படித்திருந்தாலும், கருவியின் சிறு திரையில் பார்க்கும்போது வந்த நம்பிக்கை வேறு. பன்னிரண்டு வார முடிவில் எடை 71 கிலோ, இடுப்பு 91 சென்ரிமீற்றர், ட்ரைகிளிசரைட் 1.4; ஏ.எல்.டி. வழமை நிலைக்குள். இரத்த அழுத்தக் குளிசை பாதியாகக் குறைக்கப்பட்டது. ஆறாம் மாத எச்.பி.ஏ.1சி. 44, அதாவது 6.2 சதவீதம். மருந்து எதுவும் இல்லாமல் குறைந்தது மூன்று மாதங்களுக்கு எச்.பி.ஏ.1சி. 48க்குக் கீழ், அதாவது 6.5 சதவீதத்துக்குக் கீழ் நின்றால் அதைத் தணிவு நிலை என்று கொள்வதாக 2021இல் சர்வதேச நிபுணர் குழு வரையறுத்தது. அதன்படி அவர் இப்போது அந்த நிலையில் இருக்கிறார். நீரிழிவு முற்றாகப் போய்விட்டது என்று இதற்குப் பொருளில்லை. எடை ஏறினால் அது திரும்பி வரும். ஆகவே வருடாந்த இரத்தப் பரிசோதனையும் கண் பரிசோதனையும் தொடர்கின்றன.

இனி நான் குறை சொல்ல வேண்டிய இடம். கந்தசஷ்டி விரதம் பிடிப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்: விரத நாள்களைவிடப் பாரணைக்கு மறுநாள் வாயைக் கட்டுவதுதான் கடினம் என்பார்கள். இந்தத் திட்டத்திலும் அப்படித்தான். ஷேக் காலத்தில் முடிவெடுக்க எதுவும் இல்லை. பெட்டியைத் திறந்து, கரைத்து, குடிப்பது மட்டுமே வேலை. ஒரு நேரத்துக்கு ஏறத்தாழ 400 கலோரியில் வழமையான உணவைக் கொண்டுவரத் தொடங்கும்போதுதான் என்ன, எவ்வளவு என்ற கேள்விகள் எழுகின்றன. அந்த நேரத்தில் எங்களுக்குக் கொடுக்கப்பட்ட கையேட்டில் இருந்தவை அவித்த உருளைக்கிழங்கும் பாஸ்தாவும் சாலட்டும் பொரிக்காத கோழியும்தான். ஆசிய உணவு என்று ஒரு பக்கம் இருந்தது. அதில் இருந்தவை சப்பாத்தியும் பனீரும் தந்தூரியும். இடியப்பம், புட்டு, சொதி, சம்பல் எதுவும் இல்லை. பயிற்றுநர் மிகவும் அன்பானவர், பொறுமையாகக் கேட்டவர், ஆனால் “ஸ்ரிங் ஹொப்பர் என்றால் நூடில்ஸ் மாதிரியா?” என்று இடியப்பத்தைப் பற்றி அவர் கேட்டபோது, இந்தப் பகுதியை நாங்களே கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது.

எனவே சமையலறைத் தராசொன்றை வாங்கி வைத்துக்கொண்டு அளக்கத் தொடங்கினேன். நான் பிழியும் இடியப்பம் ஒன்று அவிந்த பின் ஏறத்தாழ 35 கிராம் இருந்தது. முன்பு இரவுச் சாப்பாட்டுக்குப் பத்து இடியப்பம் அவருக்குச் சாதாரணம். அதாவது 350 கிராம். அதோடு தேங்காய்ப்பாலில் வைத்த சொதியும் கட்டிச் சம்பலும் சேர்த்தால், ஷேக் காலத்தில் ஒரு முழு நாளுக்கு எடுத்த கலோரியை அந்த ஓர் இரவுச் சாப்பாடே எட்டிவிடும். அவர் ஒருபோதும் அளவுக்கு மீறிச் சாப்பிட்டவரல்லர், இனிப்பும் விரும்பாதவர். சீனி இல்லாத தேநீரே குடிப்பார். இவ்வளவு ஒழுங்காக இருந்தும் தனக்கு ஏன் இது வந்தது என்று அவர் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு விடை அந்தத் தராசில் இருந்தது.

தேங்காயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நூறு கிராம் தேங்காய்ப்பூவில் ஏறத்தாழ 350 கலோரி இருக்கிறது. வெந்த வெள்ளைச் சோறு நூறு கிராமில் 130தான். நாங்கள் சோற்றைக் குறைத்துவிட்டு, கறியைத் தாராளமாகப் போட்டுச் சாப்பிடுவதைப் பத்தியம் என்று நினைக்கிறோம். ஆனால் அந்தக் கறி முதல் பால், இரண்டாம் பால் எல்லாம் விட்டு வைத்த பாற்கறியாகவும், வறை தேங்காய்ப்பூ போட்டதாகவும், குழம்பு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் தாளித்ததாகவும் இருந்தால், குறைத்த சோற்றின் கலோரி வேறு வழியில் திரும்பி வந்துவிடுகிறது. எண்ணெய் ஒரு மேசைக்கரண்டிக்கு ஏறத்தாழ 120 கலோரி. போத்தலிலிருந்து நேரே சட்டிக்குள் சாய்க்கும் பழக்கத்தை விட்டு, தேக்கரண்டியால் அளந்து விடுவது என்று மாற்றியதுதான் எங்கள் வீட்டில் நடந்த மிகப் பெரிய மாற்றம். அதைப் பிள்ளைகள் சுவையில் கண்டுபிடிக்கவே இல்லை.

இதேபோல் குத்தரிசியும் குரக்கனும். நீரிழிவுக்குக் குரக்கன் புட்டு நல்லது, சிவப்பரிசிச் சோறு நல்லது என்று ஊரிலிருந்து இன்றுவரை கேட்டு வருகிறோம். நார்ச்சத்து கூடுதலாக இருப்பதால் அவை சீனியைச் சற்று மெதுவாக ஏற்றும் என்பது சரி. ஆனால் அவையும் பெரும்பாலும் மாச்சத்தே. கலோரியில் வெள்ளை அரிசிக்கும் அவற்றுக்கும் பெரிய வித்தியாசமில்லை. நல்லதுதானே என்று ஒரு நீத்துப்பெட்டி நிறையக் குரக்கன் புட்டைத் தேங்காய்ப்பூவோடு அவித்துச் சாப்பிட்டால் ஈரலுக்கு அது எந்த ஆறுதலையும் தராது.

பல நாள் அளந்து பார்த்து நாங்கள் வந்து சேர்ந்த மதியச் சாப்பாடு இது: வெந்த சோறு 100 கிராம், தாளிதம் குறைத்த பருப்பு ஓர் அகப்பை, பழப்புளியில் வைத்த மீன் குழம்பில் இரண்டு துண்டு மீன், தேங்காய்ப்பூ ஒரு தேக்கரண்டி மட்டும் தூவிய கீரை வறை நிறைய. 400 கலோரிக்குள் அடங்குகிறது. கோப்பையும் நிறைந்து தெரிகிறது. இரவுக்கு மூன்று இடியப்பம், கால்வாசிப் பாலில் நிறையத் தக்காளியும் வெந்தயமும் போட்டு வைத்த சொதி, அவித்த முட்டை, மரக்கறி. இதைப் பயிற்றுநருக்கு எழுதி அனுப்பியபோது அவர் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டு, மற்றத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கொடுக்கலாமா என்றும் கேட்டார். கொடுக்கலாம் என்றேன். ஆனால் நீரிழிவால் இவ்வளவு பாதிக்கப்படும் ஒரு சமூகத்துக்கு இத்தகைய பட்டியல் முதல் நாளே கையில் கிடைத்திருக்க வேண்டும். சமைக்கத் தெரிந்த, ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இல்லாதவர்கள் இந்த ஆறு வாரங்களில்தான் வழி தவறுவார்கள் என்று அஞ்சுகிறேன்.

பராமரிப்புக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மாதம் ஒருமுறை பேசுவார்கள், எடையைக் கேட்பார்கள், நடக்கச் சொல்வார்கள். எடை இரண்டு கிலோவுக்கு மேல் திரும்ப ஏறினால் சில வாரங்களுக்கு மீண்டும் ஷேக்குக்குப் போகும் வசதி உண்டு. இரண்டு உறவினர் கலியாணங்களுக்குப் பிறகு 73க்கு வந்தவர், அந்த வசதி இல்லாமலே நின்றுகொண்டார்.

சேருவதற்கு முன் எதிர்பார்ப்பை அளவாக வைத்துக்கொள்வது நல்லது. ஆய்வில் கிடைத்த 46 சதவீதம் நாடளாவிய சேவையில் அப்படியே கிடைக்கவில்லை. 2024இல் வெளியான கணக்கின்படி, சேவையைத் தொடங்கி, இரத்தப் பரிசோதனை விபரங்கள் முழுமையாக இருந்தவர்களில் 27 சதவீதத்தினரும், இறுதிவரை முடித்தவர்களில் 32 சதவீதத்தினரும் தணிவு நிலையை அடைந்திருக்கிறார்கள். டைரெக்ட் ஆய்வில் இரண்டு வருட முடிவில் அந்த நிலையில் இருந்தவர்களைத் தொடர்ந்து பார்த்தபோதும், ஐந்து வருட முடிவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே அதில் நிலைத்திருந்தார்கள். இந்த எண்களைப் பார்த்துச் சோர்ந்துபோகத் தேவையில்லை என்பது என் கருத்து. முழுத் தணிவை அடையாதவர்களும் எடை குறைந்து, குளிசை குறைந்து, இரத்த அழுத்தம் இறங்கிய நிலையில் சில வருடங்கள் வாழ்கிறார்கள். அந்த வருடங்களில் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் கிடைக்கும் ஓய்வு வீண்போவதில்லை.

“இப்போது மௌன்ஜாரோ ஊசி வந்துவிட்டதே, இந்தக் கஷ்டம் எதற்கு?” என்று கேட்பவர்களும் உண்டு. அந்த ஊசி நன்றாகவே எடையைக் குறைக்கிறது. சிலருக்கு அதுவே தகுந்த வழியாகவும் இருக்கும். ஆனால் நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பி வருகிறது. உடல்பருமனுக்காகக் குடும்ப வைத்தியர்கள் வழியாக அதை என்.எச்.எஸ். 2025 ஜூனில் கொடுக்கத் தொடங்கியபோது வைத்த வரம்பும் மிக உயர்ந்தது. என் கணவரைப் போன்ற உடல்வாகு உள்ளவர்கள் அந்த வரிசையின் அருகிலும் வரமாட்டார்கள். வாட்ஸ்அப்பில் ‘நீரிழிவு அடியோடு மாறும்’ என்று விற்கப்படும் தூள்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: அவற்றை விற்பவர் உங்கள் குளிசைகளைப் பார்த்து எதை நிறுத்த வேண்டும் என்று எழுதிக் கொடுக்க மாட்டார்.

வயது வரம்பும் ஆறு வருட வரம்பும் எங்கள் மூத்தவர்களில் பலரை வெளியே நிறுத்திவிடுகின்றன என்பது மனதை வருத்துகிறது. ஆறு வருட வரம்புக்கு மட்டும் நியாயம் இருக்கிறது. நீரிழிவு நீடிக்க நீடிக்க, சோர்ந்துபோன இன்சுலின் கலங்கள் மீண்டெழும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது. ஆகவே புதிதாக நீரிழிவு என்று சொல்லப்பட்டவர்கள் “குளிசையில் கட்டுப்பாடாக இருக்கிறது, பிறகு பார்ப்போம்” என்று வருடங்களைக் கடத்தாமல் உடனே கேட்க வேண்டும்.

கேட்க வேண்டிய இடம் உங்கள் குடும்ப வைத்தியரின் கிளினிக். நேரடியாக நீங்களே பதிந்துகொள்ள முடியாது. கிளினிக்கில் நீரிழிவைப் பார்க்கும் தாதியிடம் முதலில் பேசுவது எளிது. அண்மைய எச்.பி.ஏ.1சி. பெறுபேறு, நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்ட திகதி, எடுக்கும் குளிசைகளின் முழுப் பட்டியல் ஆகியவற்றைக் கையில் கொண்டு செல்லுங்கள். உங்கள் பி.எம்.ஐ. 25க்கும் 27க்கும் இடையில் இருந்து, தகுதி இல்லை என்று சொல்லப்பட்டால், ஆசியருக்குரிய வரம்பு 25 என்பதை மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள். எங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படிச் சொன்ன பிறகே பரிந்துரை கிடைத்தது. பயிற்றுநரோடு தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அதைப் பரிந்துரைக் கடிதத்திலேயே எழுதச் செய்வது நல்லது. முதல் அமர்வுக்குச் சமைப்பவரும் கூடவே இருக்கட்டும்.